லேபிள் எண்ணை நம்பாமல் பொருத்தமான ரெடிமேட் உடை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"நான் எப்பவும் எம் சைஸ்தான் எடுப்பேன். இது ஏறவே மாட்டேங்குது. வெயிட் போட்டுட்டேன் போல." டிரையல் ரூமிலிருந்து முகம் வாடி வெளியே வருபவர்கள் சொல்லும் இந்த வார்த்தைகளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். டேப்பை எடுத்து அந்தச் சட்டையை அளந்தால், அவர் வீட்டில் வைத்திருக்கும் எம் சட்டையைவிட மார்புச் சுற்றில் 6 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். உடம்பு மாறவில்லை. இரண்டு நிறுவனங்கள் ஒரே எழுத்துக்கு இரண்டு அளவு வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி ரெடிமேட் உடை வாங்குபவர்களுக்கானது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவானது. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். உடம்பை அளக்காமல் நேராக சைஸ் சார்ட்டுக்குப் போவதும், துவைக்காமல் ஆல்டர் செய்யக் கொடுப்பதும்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடங்கள்.

1. லேபிள் எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நிறுவனம் எல்லா சைஸையும் தனித்தனியாக வடிவமைப்பதில்லை. தன் வாடிக்கையாளர் இப்படித்தான் இருப்பார் என்று ஓர் உடல்வாகைத் தேர்ந்தெடுத்து, அந்த உடம்புக்கு ஒரு நடு சைஸை வெட்டித் தைத்துப் பார்க்கும். பிறகு அதிலிருந்து மார்பில் இத்தனை, நீளத்தில் இத்தனை என்று படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் மற்ற சைஸ்களை உண்டாக்கும். அந்த நடு உடம்பும், கூட்டிக் குறைக்கும் அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இதோடு வேனிட்டி சைஸிங் சேர்கிறது. துணியின் அளவைப் பெரிதாக்கிவிட்டு லேபிளில் மட்டும் சின்ன எண்ணைப் போடுவதற்குப் பெயர் அது. "எனக்குச் சின்ன சைஸே சேருகிறதே" என்ற சந்தோஷத்தில் வாங்குவார்கள் என்பது கணக்கு. அமெரிக்காவில் 1958ல் வந்த அளவுத் தரநிலையின்படி பெண்களுக்கான 8ஆம் சைஸ் என்றால் மார்பு 31 அங்குலம், இடை 23.5 அங்குலம். அந்தத் தரநிலை 1983ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று அதே நாட்டு 8ஆம் சைஸ் உடைகள் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு மேற்பட்ட இடைக்குத் தைக்கப்படுகின்றன. எண் மாறவில்லை, துணி வளர்ந்துவிட்டது.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பேன்ட்டில் அங்குலம்தானே போட்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. 32 என்று எழுதிய பேன்ட்டின் பட்டியை மேசைமேல் பரப்பி அளந்து பாருங்கள். 34, 35 அங்குலம் வருவது சாதாரணம். இதில் ஒரு பகுதிக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. இன்றைய பேன்ட்கள் இடைக்குக் கீழே உட்காருகின்றன, அந்த இடத்தில் உடம்பின் சுற்றளவே அதிகம். மீதிப் பகுதி வேனிட்டி சைஸிங்.

நாட்டுக்கு நாடும் எண் மாறும். பெண்கள் உடையில் அமெரிக்காவின் 8, பிரிட்டனின் 12, ஜெர்மனியின் 38, பிரான்ஸின் 40, இத்தாலியின் 44 எல்லாம் ஏறக்குறைய ஒரே உடம்பைக் குறிக்கின்றன. "ஐரோப்பிய சைஸ் 40" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த நாட்டின் 40 என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஆண்களுக்கான கோட்டில் கணக்கு எளிது. ஐரோப்பிய எண் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பாதியாக்கியது. 50 என்றால் 100 சென்டிமீட்டர் மார்பு. பிரிட்டிஷ், அமெரிக்க முறையில் அது ஏறக்குறைய 40, அதாவது அங்குலத்தில் மார்பளவு.

கடைசியாக, ஒரே நிறுவனத்தின் ஒரே சைஸிலும் வித்தியாசம் வரும். துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே நேரத்தில் வெட்டும்போது மேலடுக்கும் கீழடுக்கும் துல்லியமாக ஒன்றாக வராது. தையலில் இன்னும் கொஞ்சம் நகரும். சுற்றளவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை தொழிற்சாலையே ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் ஒரே மாடல், ஒரே சைஸ், வேறு நிறம் என்று எடுத்தாலும் ஒன்று பிடிக்கிறது, இன்னொன்று தொங்குகிறது.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

இஞ்ச் டேப், பேனா, ஒரு சிறு நோட்டு அல்லது போனில் ஒரு குறிப்பு, இடையில் கட்ட ஒரு நாடா, உதவிக்கு ஒருவர். இவற்றோடு, உங்களிடம் உள்ளதிலேயே நன்றாகப் பொருந்தும் உடைகளில் வகைக்கு ஒன்று: ஒரு சட்டை, ஒரு டி-ஷர்ட், ஒரு பேன்ட், இருந்தால் ஒரு கோட். நான்காம் படிக்கு இவை கட்டாயம்.

டேப்பை முதலில் சோதியுங்கள். துணி டேப்கள் நாளாக நாளாக இழுபடும். ஓர் இரும்பு ஸ்கேலை அதன்மேல் வைத்து 30 சென்டிமீட்டர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். நுனியில் உள்ள தகடு கழன்றிருந்தாலும் ஆரம்ப அளவு தவறிவிடும்.

சென்டிமீட்டரா அங்குலமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, கடைசி வரை அதிலேயே எழுதுங்கள். நான் சென்டிமீட்டரைச் சொல்வேன். கால், அரை, முக்கால் என்று பின்னத்தில் தடுமாற வேண்டாம். மாற்ற வேண்டி வந்தால் ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர்.

3. உடம்பை அளப்பது

உள்ளாடையோடு அல்லது ஒட்டிய மெல்லிய உடையோடு நின்று அளக்க வேண்டும். வெளியே போகும்போது வழக்கமாக அணியும் உள்ளாடையையே போட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கு அதைப் பொறுத்து மார்பளவு சில சென்டிமீட்டர் மாறும்.

தமிழில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இடை, இடுப்பு என்று இரண்டு சொல் இருந்தாலும் பேச்சில் எல்லாமே "இடுப்பு"தான். ஆங்கிலச் சார்ட்டில் உள்ள வெயிஸ்ட், ஹிப் இரண்டையும் இடுப்பு என்றே படித்து, மாற்றி அளந்து, இரண்டு சைஸ் தவறாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே மூன்று பெயர் வைத்துக்கொள்வோம். உடம்பின் ஒடுங்கிய பகுதி இடை. பின்புறம் மிகவும் அகன்ற பகுதி, டெய்லர்கள் சொல்வதுபோல, சீட். பேன்ட்டின் பட்டி உண்மையில் உட்காரும் இடம் பட்டி இடம்.

மார்பு: மிகவும் பருத்த இடத்தில், முதுகுப் பக்கம் டேப் இறங்காமல். தனியாக அளப்பவர்களுக்கு இங்கேதான் பிழை வரும். முன்னால் நேராக இருக்கும் டேப் முதுகில் சரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. இதற்காகவே உதவிக்கு ஒருவர் வேண்டும்.

இடை: ஒரு பக்கமாகச் சாயுங்கள். விலாவுக்குக் கீழே மடிப்பு விழும் இடம்தான் இடை. அங்கே நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்து, சாதாரணமாக மூச்சு விட்டபடி அளங்கள். வயிற்றை உள்ளிழுத்து எடுக்கும் அளவு நிற்கும் நேரத்துக்கு மட்டுமே உதவும். உட்கார்ந்ததும் அந்த உடை உங்களைப் படுத்தும்.

சீட்: குதிகால்களைச் சேர்த்து நின்று, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மிகவும் பின்தள்ளிய இடத்தில். பெரும்பாலானவர்களுக்கு இது இடையிலிருந்து 18 முதல் 23 சென்டிமீட்டர் கீழே இருக்கும். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும்.

பட்டி இடம்: வழக்கமாகப் பேன்ட் கட்டும் இடத்தில். பேன்ட் வாங்குபவருக்கு இடையைவிட இந்த அளவுதான் முக்கியம்.

தோள்: பின்பக்கம், ஒரு தோள் எலும்பின் நுனியிலிருந்து கழுத்தடி வழியாக மறு நுனி வரை. கையைப் பக்கவாட்டில் லேசாகத் தூக்கினால் நுனியில் ஒரு சிறு பள்ளம் விழும், அதுதான் குறி. இதைத் தனியாக அளக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

இவை தவிரக் கை நீளம், தொடையின் பருத்த இடம், கால் உள்பக்க நீளம், முழு உயரம். காலுக்கு உடம்பை அளப்பதைவிடப் பிடித்த பேன்ட்டை அளப்பதே நம்பகமானது.

ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது முறையும் எடுங்கள். டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு விரல் விடச் சொல்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். உடம்பை உடம்பாகவே அளந்துவிட்டு, லூஸைத் தனியாகக் கூட்டுவதே குழப்பமில்லாத வழி. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

4. நன்றாகப் பொருந்தும் பழைய உடையை அளப்பது

முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். உடம்பளவு உங்களைப் பற்றிச் சொல்லும். எவ்வளவு லூஸ் இருந்தால் உங்களுக்கு வசதி என்பதைப் பழைய உடைதான் சொல்லும்.

எது "நன்றாகப் பொருந்தும்" உடை? கையில் எடுத்ததும் யோசிக்காமல் போட்டுக்கொள்வது, நாள் முழுவதும் ஒருமுறைகூட இழுத்துவிடத் தோன்றாதது. அழகான உடை என்று தேர்ந்தெடுக்காதீர்கள். துவைத்து உலர்ந்ததாக இருக்கட்டும்.

சமமான மேசையில் பட்டன் எல்லாம் போட்டுப் பரப்புங்கள். சுருக்கத்தைக் கையால் நீவலாம், துணியை இழுக்கக் கூடாது. சட்டைக்கு, கைக்குழித் தையலுக்கு 2 சென்டிமீட்டர் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோளுக்குத் தையலிலிருந்து தையல் வரை. நீளத்துக்குக் காலர் அடியிலிருந்து பின்பக்க ஓரம் வரை. கைக்குத் தோள் தையலிலிருந்து கஃப் நுனி வரை.

பேன்ட்டுக்குப் பட்டியின் முன்னும் பின்னும் ஒன்றாகச் சேரும்படி வைத்து அளந்து இரட்டிக்க வேண்டும். முன்பட்டி தாழ்ந்திருப்பதுதான் பேன்ட்டின் அமைப்பு என்பதால், அப்படியே பரப்பி நேர்கோட்டில் அளந்தால் குறைவாகக் காட்டும். சீட்டுக்கு ஜிப் முடியும் இடத்தில். தொடைக்குக் கால்கள் சேரும் தையலுக்குச் சற்றுக் கீழே. கால்கள் சேரும் தையலிலிருந்து பட்டியின் மேல்விளிம்பு வரை முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு. இதை ரைஸ் என்பார்கள். நிறையப் பேர் விட்டுவிடும் அளவு இது. பேன்ட் உட்காரும்போது இழுப்பதற்கும் குனியும்போது பின்னால் இறங்குவதற்கும் பெரும்பாலும் ரைஸ்தான் காரணம்.

5. லூஸ் கணக்கு

உடையின் அளவிலிருந்து உடம்பளவைக் கழியுங்கள். உங்கள் மார்பு 94, பிடித்த சட்டை பரப்பி அளந்தால் 52, இரட்டித்தால் 104. உங்களுக்கு வசதியான லூஸ் 10 சென்டிமீட்டர். இனி எந்தச் சட்டை வாங்கினாலும் மார்பில் 104ஐ ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். லேபிளில் எஸ் இருந்தால் என்ன, எக்ஸ்எல் இருந்தால் என்ன?

துணிக்குத் துணி இந்தக் கணக்கு மாறும். நெய்த பருத்திச் சட்டை விரியாது. மூச்சு விடவும் கையை முன்னால் நீட்டவும் மார்பில் 8 முதல் 12 வரை லூஸ் வேண்டும். ஒட்டிய கட் விரும்புபவருக்கு 6 போதும், அதற்கும் கீழே போனால் பட்டன் இழுக்கும். பனியன் துணி தானே விரியும், அதனால் டி-ஷர்ட்டுக்கு 2, 3 இருந்தாலே வசதியாக இருக்கும். நெய்த பேன்ட்டுக்குச் சீட்டில் 4 முதல் 6. எலாஸ்டேன் என்ற விரியும் இழை கலந்த ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் உடம்பளவைவிட 2 சென்டிமீட்டர் சிறியதாக இருந்தும் சரியாகப் பொருந்தலாம்.

அதனால் லூஸை எழுதும்போது துணி வகையையும் சேர்த்தே எழுதுங்கள். ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸின் அளவை வைத்துக்கொண்டு விரியாத பேன்ட் வாங்கினால் தொடையைத் தாண்டாது. இது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. "சீட் அதே 98 தானே?" என்று கேட்பார்கள். எண் அதுதான், துணி வேறு.

6. சைஸ் சார்ட்டைப் படிப்பது

சார்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று உடம்பளவு: இந்த அளவு உடம்புள்ளவர் இந்த சைஸ் எடுக்கலாம் என்பது. இன்னொன்று உடையளவு: இந்த சைஸ் உடையை அளந்தால் இவ்வளவு வரும் என்பது. உடையளவை உடம்பளவாக எடுத்துக்கொண்டால், லூஸே இல்லாத சட்டை வந்து சேரும்.

எது எது என்று எழுதாமல் விடுபவர்கள் அதிகம். கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. "92–96" என்று இடைவெளியாக இருந்தால் அது பெரும்பாலும் உடம்பளவு. ஒற்றை எண்ணோடு உடையின் நீளம், கை நீளம் எல்லாம் இருந்தால் உடையளவு. டி-ஷர்ட்டுக்கும் கோட்டுக்கும் ஒரே மார்பு எண்ணைக் காட்டினால் நிச்சயம் உடம்பளவு, ஏனென்றால் உடையை அளந்திருந்தால் கோட் பெரிதாக வந்திருக்கும். மார்பு 52 என்பதுபோல நம்ப முடியாத சின்ன எண் இருந்தால் அது பரப்பி எடுத்த பாதி அளவு, இரட்டித்துக்கொள்ளுங்கள்.

உடையளவுச் சார்ட் கிடைத்தால் அதையே எடுத்து, நான்காம் படியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். உடம்பளவுச் சார்ட் மட்டும் இருந்தால் மூன்றாம் படியின் எண்களோடு ஒப்பிட்டு ஒரு சைஸை உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம், உறுதியாக நம்ப வேண்டாம். நேரில் பார்க்காமல் வரவழைப்பவர்கள் உடை வந்ததும் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே டேப்பால் அளந்துவிடுங்கள். அளவு 4, 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், "போடப் போடச் சரியாகிவிடும்" என்று மனம் சமாதானம் சொல்லும் முன்பே திருப்பி அனுப்பிவிடலாம்.

7. எந்த இடத்துக்கு முதலில் பொருத்த வேண்டும்

யாருடைய உடம்பும் ஒரே சைஸில் அடங்காது. மார்பு ஒரு சைஸ், இடை ஒரு சைஸ், சீட் ஒரு சைஸ் என்று வருவதுதான் இயல்பு. சார்ட்டில் மூன்று வரிசையில் விழுகிறோமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மூன்றும் ஒரே வரியில் விழுபவரை நான் பார்த்ததே அரிது.

விதி ஒன்றுதான். டெய்லரால் சரிசெய்ய முடியாத இடத்துக்கு சைஸ் எடுங்கள், சரிசெய்ய முடிந்த இடத்தை ஆல்டரேஷனுக்கு விடுங்கள்.

மேலுடைக்குத் தோளும் மார்பும் முதலில். கோட்டில் தோள் தவறினால் வேறு எது சரியாக இருந்தாலும் எடுக்காதீர்கள். தோளைத் திருத்த வேண்டும் என்றால் கையைப் பிரித்து, உள்ளே வைத்த பஞ்சை எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். தோளும் மார்பும் வேறு வேறு சைஸ் கேட்டால்? பனியன் துணியில் தோளுக்கு எடுக்கலாம், மார்பில் துணி விரிந்துகொள்ளும். பட்டன் வைத்த நெய்த சட்டையில் மார்புக்கு எடுத்து, பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளலாம். தோள் 1 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்த மாடலையே விட்டுவிட்டு வேறு கட் தேடுங்கள்.

கீழுடைக்குச் சீட்டும் தொடையும் முதலில், அடுத்து ரைஸ், பிறகுதான் பட்டி, கடைசியில் நீளம். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டி சரியாக இருக்கிறது என்று எடுத்துவிட்டு, தொடையில் இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். உட்காரும்போது பின்பக்கம் பட்டி விலகி இடைவெளி விழுபவர்கள் சின்ன பேன்ட்டுக்குப் போகக் கூடாது. சீட்டுக்குச் சரியானதை எடுத்து, பட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

8. டிரையல் ரூமில்

நினைத்த சைஸ், அதற்கு ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மூன்று எடுத்துச் செல்லுங்கள். லேபிளை உள்ளே மடித்துவிடுங்கள். எண்ணைப் பார்த்தால் கண்ணாடியில் தெரிவதை மனம் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது.

பெரியதிலிருந்து தொடங்குங்கள். ஒன்றொன்றாகக் கீழே வாருங்கள். இழுப்புச் சுருக்கம் முதலில் தோன்றும் சைஸைத் தொட்டதும் ஒன்று மேலே போய் நின்றுவிடுங்கள். சின்னதிலிருந்து ஆரம்பித்தால், பட்டன் போட முடிந்த முதல் சைஸே சரியானது என்று தோன்றிவிடும். பட்டன் மாட்டுவதும் பொருந்துவதும் ஒன்றல்ல.

பிறகு அசையுங்கள். நின்று பார்ப்பதில் பாதிதான் தெரியும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஒருவரைக் கட்டிக்கொள்வதுபோலச் சேர்த்துப் பாருங்கள், முதுகு இழுக்கிறதா? கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். உட்கார்ந்து இரண்டு நிமிடம் இருங்கள், எழுந்துவிடாதீர்கள். குந்தி எழுங்கள். படி ஏறுவதுபோல ஒரு காலைத் தூக்குங்கள். சட்டைக் காலரில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பேன்ட் பட்டியிலும் அப்படியே, உட்கார்ந்த நிலையில்.

முதுகுப் பக்கத்தைப் பார்க்கத் திரும்பினால் உடம்போடு துணியும் முறுக்கிக்கொள்ளும், இல்லாத சுருக்கம் தெரியும். போனை எதிரே எங்காவது சாய்த்து வைத்து, டைமர் போட்டு, கை இரண்டும் தொங்கிய நிலையில் முன், பின், பக்கம் என்று மூன்று படம் எடுங்கள். கையில் போனைத் தூக்கிப் பிடித்து எடுக்கும் படத்தில் தோளும் கைக்குழியும் இடம் மாறியிருக்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

9. சுருக்கங்கள் சொல்வதைப் படிப்பது

பழகிவிட்டால் டேப்பைவிட வேகமாக வழிகாட்டுவது இதுதான். நான்கு அடிப்படைகள் போதும். குறுக்காக விறைத்த கோடு என்றால் அந்த இடத்தில் அகலம் போதவில்லை. குறுக்காகத் தளர்ந்த மடிப்பு என்றால் நீளம் அதிகம். நெடுக்காகத் தொங்கும் மடிப்பு என்றால் அகலம் அதிகம். சாய்வான கோடு என்றால் அது எங்கே போய் முடிகிறதோ அங்கே பிரச்சினை.

சட்டையின் ஒரு பட்டனைச் சுற்றி நாலாபக்கமும் கோடு பரவினால் அந்த உயரத்தில் டைட். கோட்டிலும் இதேதான், பட்டன் போட்டதும் பெருக்கல் குறிபோல மடிப்பு விழும். தோள் தையல் எலும்பு நுனியைத் தாண்டி இறங்கினால் மேற்கையில் ஒரு குழி விழும். நுனிக்கு உள்ளே நின்றால் கை ஏறும் இடத்தில் துணி இழுத்துக்கொண்டு நிற்கும். தோள் இறக்கியே வடிவமைத்த உடைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கைக்குழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதில் நேர் எதிராக முடிவெடுக்கிறார்கள். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே ஏறுகிறது. உடனே "டைட்டாக இருக்கிறது" என்று ஒரு சைஸ் பெரிது எடுக்கிறார்கள். பெரிய சைஸில் கைக்குழி இன்னும் கீழே இறங்கும், சட்டை இன்னும் அதிகமாக ஏறும். கைக்குழி அக்குளுக்கு அருகில், உயரத்தில் இருந்தால்தான் கை தனியாக அசையும், சட்டை இடத்தில் நிற்கும். அதனால் தோளும் மார்பும் சரியாக இருந்தும் சட்டை ஏறினால் சைஸை மாற்றாதீர்கள். கைக்குழி உயர்ந்த வேறு கட் தேடுங்கள்.

பேன்ட்டில் ஜிப்பின் அடியிலிருந்து தொடை நோக்கி விசிறிபோலக் கோடு விரிந்தால் தொடையோ சீட்டோ டைட். பக்கப் பாக்கெட்டின் வாய் காதுபோல விரிந்து நின்றால் சீட் டைட். இது நிறையப் பேர் பாக்கெட்டின் குறை என்று நினைத்து ஒட்டித் தைத்துவிடும் விஷயம். சீட்டுக்குக் கீழே துணி பைபோலத் தொங்கினால் பின்பக்கத்தில் துணி மிகுதி. உட்கார்ந்து எழுந்ததும் பட்டி மடங்கிக்கொண்டால் அந்த இடத்தில் சுற்றளவு போதவில்லை.

எல்லாச் சுருக்கமும் சைஸ் குற்றமில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் சாய்வாக ஒரு மடிப்பு விழும். தோள் நேராக உயர்ந்தவர்களுக்குப் பின்கழுத்தின் கீழ் குறுக்கே ஒரு மடிப்பு வரும். சைஸ் மாற்றினாலும் இவை போகாது. உடம்பின் வாகு அது, தொந்தரவாக இருந்தால் டெய்லர் சரிசெய்வார்.

10. துவைத்த பிறகே ஆல்டரேஷன்

பருத்தித் துணி முதல் துவைப்பிலேயே 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 75 சென்டிமீட்டர் நீளச் சட்டை 3 சதவீதம் சுருங்கினால் 2 சென்டிமீட்டருக்கு மேல் குறையும். கை நீளத்தைக் கச்சிதமாகக் குறைத்த பிறகு துவைத்தால் மணிக்கட்டு வெளியே தெரியும். விஸ்கோஸும் நன்றாகச் சுருங்கும். பாலியெஸ்டர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முன்பே சுருக்கிய துணி என்று குறித்திருந்தாலும் ஒருமுறை துவைத்துவிட்டே கொடுங்கள். இனி எப்படித் துவைத்து உலர்த்தப் போகிறீர்களோ, அதேபோல.

எளிதாக முடிபவை: நீளம் குறைப்பது, கை குறைப்பது, சட்டையின் பக்கங்களைப் பிடிப்பது, பேன்ட் பட்டியைப் பின்பக்கம் பிடிப்பது. பட்டியில் 5 சென்டிமீட்டருக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி, தையல் கோணிவிடும். அவ்வளவு பிடிக்க வேண்டியிருந்தால் சைஸே தவறு.

பெரிதாக்குவது வேறு கதை. உடையை உள்வெளியாகத் திருப்பி, தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று வாங்கும் முன்பே பாருங்கள். நல்ல கோட்டிலும் ஃபார்மல் பேன்ட்டின் பின்நடுத் தையலிலும் 2, 3 சென்டிமீட்டர் மடித்து விட்டிருப்பார்கள். சாதாரணச் சட்டையிலும் ஜீன்ஸிலும் மடித்துத் தைத்த பக்கத் தையலில் பிரித்துவிட ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பழைய ஊசித் துளைகளும் நிறம் மங்கிய கோடும் வெளியே தெரியலாம்.

டெய்லரிடம் "கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அந்தக் "கொஞ்சம்" அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உடையைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அவரைக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். குத்திய நிலையிலேயே உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பேன்ட் நீளத்துக்கு, அதோடு அணியும் காலணியைப் போட்டுக்கொண்டே நில்லுங்கள். குனிந்து பார்த்தால் ஓரம் ஏறிவிடும், அதனால் நேராகப் பாருங்கள், அளவை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆல்டர் ஆகி வந்ததும் மறுபடி மேசைமேல் பரப்பி அளந்து, பழைய உடையின் எண்களுக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர், மாடல், லேபிள் சைஸ், துணி, உண்மையான அளவு, என்ன திருத்தம் செய்தோம், இத்தனையும் ஒரே வரியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடம்பளவுகளை மட்டும் புதிதாக எடுத்து, தேதி போட்டு அதன் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.